முகத்தைப் பார்த்து ஒளியை அளத்தல்





யூலை மாதத்து நான்காம் ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், சுவரில் வைத்திருந்த நம் முதியவர்களின் 31 படங்களையும் பார்த்துவிட்டுப் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: “சுவாமி, இது என்ன கமரா?” இளையோர் சிலர் இன்னும் நுணுக்கமாக, எந்த வில்லை, எத்தனை ஐ.எஸ்.ஓ., எந்த வெளிச்சம் என்று விசாரித்தார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று என்னிடம் இல்லை. எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இன்று எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு, பொறுமையோடு வாசியுங்கள்.

கமராவைப் பற்றிய பதில் எளிது. பிறர் பயன்படுத்திக் கைவிட்ட ஒரு டி.எஸ்.எல்.ஆர். அது. உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமராக்கள் சந்தைக்கு வந்தபின் இவ்வகைக் கருவிகளைப் பலர் விற்றுவிடுகிறார்கள். ஆதலால் ஒரு நல்ல கைபேசியின் விலையில் காற்பங்குக்கு, 50 மில்லிமீற்றர் வில்லையோடு அது எனக்குக் கிடைத்தது. அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன். பெயரைக் கேட்டு யாரும் கடைக்குப் போகவேண்டாம். அதை ஏன் கற்றேன், எப்படிக் கற்றேன் என்பதே உங்களுக்குப் பயன்படும்.

நான் நடத்திய அடக்கத் திருப்பலிகளை எண்ணி வைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு மரணத்தின் முதல் இரவிலும் வீட்டில் நடப்பதை நன்கு அறிவேன். பிள்ளைகள் வைத்தியசாலையிலிருந்து திரும்புவார்கள். மரண அறிவித்தல் கொடுக்கவேண்டும். அதற்கொரு படம் வேண்டும். நான்கைந்து பேர் சுற்றியிருந்து கைபேசிகளில் ஆயிரக்கணக்கான படங்களைத் தேடுவார்கள். பேரப்பிள்ளையின் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமண வரவேற்பு, விமான நிலையத்து வழியனுப்புதல். எல்லாவற்றிலும் அம்மா இருப்பார். ஆனால் ஓரத்தில், கேக்குக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய தோளால் பாதி மறைந்து, அல்லது கண்மூடிய கணத்தில் இருப்பார். கடைசியில் ஒரு கலியாணப் படத்திலிருந்து அவருடைய தலையை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல வானத்தையும் இரண்டு மெழுகுதிரிகளையும் ஒட்டுவார்கள். தோளருகே இன்னொருவரின் பட்டுச்சேலைக் கரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அறிவித்தலில் அந்தப் படம். பெட்டியின் முன்னால் அந்தப் படம். 31ஆம் நாள் நினைவு மலரின் அட்டையில் அந்தப் படம். பிறகு வீட்டுச் சுவரில் ஆண்டாண்டு காலத்துக்கும் அதே படம்.

நம்மவர்க்கு இதன் வலி இரட்டிப்பானது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு மழையோடு மழையாய்ப் புறப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அல்பத்தைத் தேடி எடுக்க நேரம் இருந்தது? 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி பெயர்ந்தவர்களுக்கு அடையாள அட்டையைக் காப்பாற்றியதே பெரும்பாடு. தன் தாயின் முகம் ஒரு படத்திலேனும் மிஞ்சவில்லை என்று சொல்லும் ஒருவர் நம் பணித்தளத்திலேயே இருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். “கண்ணாடி பாக்கேக்கை சில நேரம் அம்மா வந்திட்டுப் போறா, சுவாமி” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவருக்கு அந்த முகத்தை என்னால் மீட்டுத்தர இயலாது. ஆனால் இன்று நம்மோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும் முதியவர்களை, அவர்கள் அவர்களாகவே இருக்கும் நிலையில், முழு முகமாய் ஒருமுறை படம்பிடித்து வைக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது.

ஆதலால் இரண்டு குளிர்காலங்களுக்கு முன், நகரின் பொல்க்ஸ்ஹோக்சூலவில் ஒரு மாலைநேர வகுப்பில் சேர்ந்தேன். நம்மில் பலர் ஜேர்மன் மொழி படிக்கப் போன அதே மக்கள் கல்வி நிலையந்தான். ஆறு செவ்வாய் மாலைகள். ஆசிரியர் ஓய்வுபெற்ற ஓர் அச்சகத் தொழிலாளி. முதல் மாலையில் அவர் கமராவின் உள்ளமைப்பை விளக்கினார். வில்லை வழியே உள்ளே நுழையும் ஒளியை, 45 பாகை சாய்ந்து நிற்கும் ஒரு சிறு கண்ணாடி மேலே திருப்புகிறது. அங்கிருந்து ஒரு பட்டகம் அதை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆகவே நாம் பார்ப்பது வில்லை பார்க்கும் அதே காட்சி. பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி மேலே மடங்கி வழிவிடுகிறது. ஷட்டர் திறந்து ஒளி உணரியின்மேல் விழுகிறது. ஷட்டர் மூடியதும் கண்ணாடி பழைய இடத்துக்கு இறங்குகிறது. நாம் கேட்கும் ‘கிளக்’ ஓசையில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடியுடையது. கண்ணாடி மேலே நிற்கும்வரை, எடுப்பவர் எதையும் காண்பதில்லை. படம் பதிவாகும் அதே கணத்தில் அவர் கண்முன் இருள். இதனால்தான் பொத்தானை அழுத்துமுன் நெடுநேரம் பாருங்கள் என்று அவர் வற்புறுத்தினார்.

இரண்டாம் மாலை அவர் தந்த பயிற்சியை நம் இளையோர் வீட்டிலும் செய்து பார்க்கலாம். வெள்ளை மேசைவிரிப்பின்மேல் ஒரு வெள்ளைத் தட்டு. கறுப்பு மேலங்கி ஒன்று. சாம்பல்நிற அட்டை ஒன்று. கமராவின் மேலுள்ள சக்கரத்தைத் தானியங்கிக் குறியில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொன்றும் சட்டத்தை நிரப்பும்படி தனித்தனியே எடுக்கவேண்டும். வெள்ளை, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பலாய் வந்து நிற்கும். வகுப்பிலிருந்த அனைவரும் தத்தம் திரைகளைப் பார்த்துச் சிரித்தோம்.

காரணம் இதுதான். கமராவுக்குள் இருக்கும் ஒளியளவிக்கு எதிரே இருப்பது தட்டா, அங்கியா என்று தெரியாது. திரும்பி வரும் ஒளியின் அளவை மட்டுமே அது அறியும். ஒரு காட்சியின் வெளிச்சத்தையும் இருளையும் கலந்தால் நடுத்தரச் சாம்பல் வரும் என்ற அனுமானத்தின்மேல் அது இயங்குகிறது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் நிறத்தை ஒளிப்படக்காரர்கள் அதற்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். கடைகளில் அந்த நிறத்திலேயே அட்டை விற்கிறார்கள். பனி மூடிய வயல் படத்தில் அழுக்குப் பஞ்சுபோல் தோன்றுவது இதனால்தான். நம் பிள்ளைகள் வெள்ளை உடையில் புதுநன்மை வாங்க வரிசையாய் நிற்கும்போது, உடைகள் மங்கி, முகங்கள் கறுத்துப் போவதும் இதனால்தான். இன்றைய கருவிகள் முகத்தை அடையாளம் காணக் கற்றிருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் கண்டுபிடித்த முகத்தை எவ்வளவு ஒளியில் வைப்பது என்ற தீர்மானத்தில் அவையும் சராசரியை நாடுகின்றன. ஒளியளவி கூறுவது ஓர் ஆலோசனை. இந்தப் படம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதை அறிந்தவர் அதைக் கேட்டுவிட்டுத் தாமே முடிவெடுக்கவேண்டும். அந்த ஆறு வாரங்களில் நான் கற்றவற்றில் தலையாயது இது.

முடிவெடுப்பதற்கு மூன்று கருவிகள் உள்ளன.

முதலாவது, அப்பேச்சர் எனப்படும் வில்லைத் துவாரம். எஃப் 1.8, 2.8, 4, 5.6, 8, 11 என்று எண்கள் ஏறும். எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும். இது முதலில் குழப்பும். வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வரும் எண் அது என்று அறிந்தால் குழப்பம் தீரும். 50 மில்லிமீற்றர் வில்லை எஃப் 2இல் 25 மில்லிமீற்றர் அகலத்துக்குத் திறக்கிறது. 2.8இலிருந்து 4, 4இலிருந்து 5.6 என ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. துவாரம் பெரிதானால் ஒளி மிகும். ஆனால் துலக்கமாகத் தெரியும் ஆழம் குறையும். 1.8இல் மிக அருகிலிருந்து எடுத்தால் ஒரு கண் துலக்கமாகவும் காது மங்கலாகவும் இருக்கும்.

இரண்டாவது, ஷட்டர் வேகம். வினாடியில் 60இல் ஒரு பங்கு, 125இல் ஒரு பங்கு, 250இல் ஒரு பங்கு. வேகம் குறைந்தால் அசைவு படத்தில் இழுபடும். முதியவர்களின் தலையிலும் கையிலும் மெல்லிய நடுக்கம் இருக்கும். ஆதலால் 125இல் ஒரு பங்குக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. உணரி தரும் சமிக்ஞையை எவ்வளவு பெருக்குவது என்பது அது. 100, 200, 400 என்று இரட்டிக்கும். ஏற்ற ஏற்ற இருளிலும் படம் எடுக்கலாம். ஆனால் மணல் தூவினாற்போல் படம் பொரிபொரியாகும். இம்மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்துச் சமப்படுத்தவேண்டும். எது குறைந்தால் இந்த மனிதருடைய படத்துக்குக் கேடில்லை என்பதே ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி.

வகுப்பு முடிந்தபின், மண்டபத்தின் வடக்கு யன்னலருகே ஒரு நாற்காலியையும் சாம்பல்நிறப் போர்வை ஒன்றையும் வைத்தேன். வடக்கு யன்னலில் வெயில் நேரே விழாது. நாள் முழுதும் ஒளி மென்மையாக இருக்கும். முதலில் அழைத்த அம்மா வர மறுத்தார். எண்பத்திரண்டு வயது. நாற்காலியைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“செத்தவீட்டுக்கோ சுவாமி இந்தப் படம்?”

அவரிடம் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அருகே அமர்ந்து, “பேரப்பிள்ளையளுக்கு, அம்மா. அந்த நாள் வரேக்கை அதுக்கும் உதவும். அதுவரைக்கும் உங்கட வீட்டுச் சுவரிலை இருக்கட்டும்” என்றேன். சிறிதுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப இந்தச் சட்டையோடை வேண்டாம். அடுத்த மாசம் சீலை உடுத்துக்கொண்டு வாறன்” என்று எழுந்து போனார். சொன்னபடியே, வெண்பட்டில் மெல்லிய கரையிட்ட சேலையும் நரைத்த கூந்தலில் ஒரு கொண்டையுமாக வந்தார். தன் சாவுக்குப் பின் தன்னை எப்படி நினைவுகூர வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை ஒரு முதியவருக்குக் கொடுத்தால், அவர் அதை எவ்வளவு மதிப்போடு ஏற்கிறார் என்பதை அன்று கண்டேன். அவரைப் பார்த்தே மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள்.

அவருடைய படம் ஒளியளவிக்கு ஒரு சோதனை. வெண்சேலை, வெண்கூந்தல், யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டங்களில் வெயில் குடித்த கரிய முகம். சட்டம் முழுவதையும் அளக்கவிட்டால் கமரா வெள்ளையைக் கண்டு அஞ்சி ஒளியைக் குறைக்கும், சேலை சாம்பலாகும், முகம் இருளில் அமிழும். புள்ளி அளவீட்டை முகத்தில் மட்டும் வைத்தால் மறுபக்கத்துக்குச் சாயும். கரிய தோலையும் நடுச்சாம்பலாக்க முயன்று, அவரை வேறொருவராய் வெளுக்க வைத்துவிடும். இரண்டுக்கும் இடையில் அவருடைய உண்மையான நிறம் இருக்கிறது. முகத்தில் அளந்து, அங்கிருந்து முக்காற் படி அளவுக்கு ஒளியைக் குறைத்து, எஃப் 4, வினாடியில் 125இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 400 என்று கையால் அமைத்தேன். குவியப்புள்ளி, எனக்கு அருகிலிருந்த கண்ணில். கமராவின் பின்புறத் திரையை மட்டும் நம்பாமல், ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்த்து, சேலையின் வெண்மை வலது சுவரில் மோதி அழியவில்லை என்று உறுதிசெய்தேன். இளையோர் கேட்ட ‘செட்டிங்’ இதுதான். இதை அப்படியே எடுத்து அடுத்தவரின் முகத்துக்குப் பயன்படுத்த முடியாது. 31 பேருக்கும் 31 முறை அளந்தேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவேண்டும். பாசையூரில் வலை பின்னி, பின்பு இந்த நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உணவகமொன்றின் சமையலறையில் கோப்பை கழுவிய ஐயா அவர். “முகத்திலை ஒண்டுமில்லைச் சுவாமி, கையை எடுங்கோ” என்றார். மடியில் கிடந்த கைகளும் முகமும் ஒருங்கே துலங்கவேண்டுமாயின் எஃப் 4 போதாது. எஃப் 8க்கு இறங்கவேண்டும். ஒளி காற்பங்காகிவிட்டது. ஷட்டரைத் தாமதிக்க வழியில்லை. அவருடைய கைகள் நடுங்கின. ஆதலால் ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றினேன். உற்றுப் பார்த்தால் அந்தப் படத்தில் சற்றுப் பொரி தெரியும். அந்தக் கைகளுக்காக அதை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டேன்.

கரிய முகத்தை ஒளிப்படம் இருட்டடிப்பது நேற்றுத் தொடங்கியதன்று. வண்ணப்படச் சுருளின் காலத்தில், ஆய்வுகூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு பெண்ணின் படம் பொறித்த மாதிரி அட்டையைப் பயன்படுத்தின. கொடக் நிறுவனத்தின் அவ்வட்டைக்கு ‘ஷேர்லி அட்டை’ என்று பெயர். பல ஆண்டுகள் அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணே. அவருடைய தோல் சரியாக வந்தால் படம் சரி என்பது அளவுகோல். கரிய நிறங்களின் நுட்பங்கள் சுருளில் சரியாகப் பதியவில்லை என்று மரத்தளபாட விளம்பரக்காரரும் சொக்லேட் விளம்பரக்காரரும் முறையிட்ட பின்பே சுருள் மேம்படத் தொடங்கியது என்று அத்துறையினர் சொல்லியிருக்கிறார்கள். எண்பதுகளில் எடுத்த நம் குடும்பப் படங்களில் பற்களும் வேட்டியும் மட்டும் பளிச்சென்று தெரிந்து முகங்கள் ஒரே இருட்டாய் இருப்பதை எண்ணிப் பாருங்கள். அது நம் முகங்களின் குறைபாடன்று. அந்த அளவுகோலில் நமக்கு இடம் இருக்கவில்லை.

ஆனால் இன்று அதே அளவுகோலை நாமே நம் கைபேசிகளில் சுமந்து திரிகிறோம். அழகூட்டும் செயலிகள் தோலை வெளுத்து, சுருக்கங்களை அழித்து, எல்லோரையும் ஒரே முகமாக்குகின்றன. கண்காட்சிக்கு முன் ஒரு மகன் என்னிடம், “சுவாமி, அம்மாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரலாமோ? இப்ப எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்” என்று தயக்கத்தோடு கேட்டார். அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தோன்றவில்லை. தாயை அழகாகக் காட்டவேண்டும் என்ற அன்பே அப்படிக் கேட்கவைத்தது. “அம்மாட்டையே கேப்பம்” என்றேன். அந்தத் தாய் படத்தை நெடுநேரம் பார்த்தார். “இது என்ர ஆச்சியின்ர நிறம், தம்பி. விடு” என்றார். படம் அப்படியே சுவருக்குச் சென்றது. அன்று அதன் முன்னால் மிக அதிக நேரம் நின்றவர் அந்த மகன்தான்.

தாவீதைத் தேடிப்போன சாமுவேலின் நிகழ்வை நீங்கள் அறிவீர்கள். ஈசாயின் மூத்த பிள்ளைகளின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு இறைவாக்கினர் தீர்மானிக்க முற்பட்டபோது, மனிதர் பார்ப்பது வேறு, தாம் பார்ப்பது வேறு என்று கடவுள் அவருக்கு உணர்த்தினார். ஆட்டுக்கிடையில் இருந்த கடைசிப் பிள்ளையை அழைப்பிக்கும்வரை பந்தியில் யாரும் அமரவில்லை. நம் குடும்பப் படங்களிலும் ஓரத்தில் நிற்பவரை, கேக்குக்குப் பின்னால் மறைபவரை, சமையலறையில் நிற்பதால் படத்துக்கே வராதவரை அழைப்பிக்கவேண்டும். அவருக்கென்று ஒருமுறை ஒளியை அளக்கவேண்டும். சராசரியாக அளந்து எவரையும் அன்புசெய்ய இயலாது.

படங்களுக்கு நம் திரு அவையில் நீண்ட வரலாறு உண்டு. 787ஆம் ஆண்டின் இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம், திருவுருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று கற்பித்தது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் நாம் கூடும் கெவலாரில், துயருறுவோரின் ஆறுதலான அன்னையின் திருவுருவம் எது என்று உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அது சிலையன்று. 1642இல் ஹென்றிக் பூஸ்மன் என்ற வணிகர் வழியோரச் சிற்றாலயத்தில் வைத்த, உள்ளங்கை அளவேயான ஓர் அச்சுப்படம். செப்புத்தகட்டில் செதுக்கித் தாளில் பதித்தது. மடுமாதாவை விட்டு வந்த நம் மக்கள் கண்ணீரோடு போய் நிற்பது அந்தத் துண்டுத் தாளின் முன்னேதான்.

சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் நாம் சந்திக்கும் வெரோனிக்காவை ஒளிப்படக்காரர்கள் தம் பாதுகாவலியாகக் கொள்கிறார்கள். நற்செய்திகளில் அவருடைய பெயர் இல்லை. மரபு அவரைக் காத்துவைத்திருக்கிறது. கூட்டத்திலிருந்து முன்னே வந்து ஒருவருடைய முகத்தைத் துடைத்தார் என்பதே அவருடைய கதை முழுவதும். முகத்தின் பதிவு அதன்பின் கிடைத்தது. 1898 மே மாதத்தில், இத்தாலியின் தூரின் நகரில், செக்கொந்தோ பியா என்ற வழக்கறிஞர் அங்கு போற்றப்படும் திருப்போர்வையை முதன்முதலாகப் படம்பிடித்தார். ஒளிப்படம் அவருக்குத் தொழிலன்று, பொழுதுபோக்கு. இருட்டறையில் கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, துணியில் மங்கலாய்த் தெரிந்த கறைகள் நெகட்டிவில் தெளிந்த முகமாய் எழுவதை அவர் கண்டார். அப்போர்வை பற்றித் திரு அவை இறுதித் தீர்ப்பு எதையும் வழங்கவில்லை. நானும் அதற்குள் புகவில்லை. ஆனால் விருப்பத்தால் பழகிய ஒருவருடைய பொறுமை உலகுக்கு என்ன கொடுத்தது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

இவ்வளவு சொன்னபின், கமராவைக் கீழே வைக்கவேண்டிய இடத்தையும் சொல்லவேண்டும். 2017 நவம்பர் 8ஆம் நாள் பொது மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ், திருப்பலியில் உயர்த்தப்படும் கைபேசிகளைக் காண்பது தமக்கு வருத்தம் தருகிறது என்றார். இதயங்களை எழுப்புமாறு குரு அழைக்கிறாரேயன்றிக் கைபேசிகளை அல்ல என்றும் நினைவூட்டினார். ஆயர்களும் குருக்களும்கூட இப்படிச் செய்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னதையும் நான் மறைக்கக்கூடாது. புதுநன்மை நாளில் இருவர் மட்டும், பக்கவாட்டிலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து, எல்லாப் பெற்றோருக்கும் படங்களைக் கொடுக்கும் ஒழுங்கை நாம் கடைப்பிடிப்போம். ஷட்டரின் ஓசை பலிப்பீடத்துக்குக் கேட்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எழுந்தேற்ற வேளையில் அந்த இருவரும் முழந்தாளிடவேண்டும்.

ஆலயத்தில் எடுப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: மெழுகுதிரியின் ஒளி ஏறக்குறைய 2000 கெல்வின், பகலொளி 5500 கெல்வின். வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கமரா இரண்டுக்கும் இடையில் தடுமாறலாம். ரோ கோப்பாகப் பதிவுசெய்தால் பின்னர் நிறத்தைத் தெரிவுசெய்யலாம். பாஸ்காத் திருவிழிப்பின் பொன்னிறத்தை முற்றாகக் கழுவி வெண்மையாக்கிவிடாதீர்கள். அந்த இரவு அப்படித்தான் ஒளிர்ந்தது.

இனி நான் கேட்டுக்கொள்வன சில.

வரும் மாதத் தமிழ்த் திருப்பலிக்குப் பின் மீண்டும் யன்னலருகே நாற்காலியை வைப்போம். எழுபது வயதைக் கடந்த எவரும் வரலாம். உங்களுக்குப் பிடித்த உடையில் வாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றவேண்டாம். நாற்காலியைச் சற்றுத் திருப்பினால் அதில் விழும் மினுக்கம் போய்விடும். நடக்க இயலாதவர்களின் வீட்டுக்கு, நோயாளர்க்கு நற்கருணை கொண்டு வரும் நாளிலேயே, வழிபாடு முடிந்தபின் கமராவை எடுக்கிறேன், முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் 13க்கு 18 சென்ரிமீற்றர் அளவில் இரண்டு பிரதிகள் அச்சிட்டுத் தருவோம்.

இந்தப் பதிவோடு ஒரு படத்தையும் நான் இணைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவருடைய படம் அவருக்கு உரியது. இந்நாட்டுச் சட்டமும் அப்படியே சொல்கிறது. மண்டபத்தில் வைக்கச் சம்மதித்தவர்கள் இணையத்தில் வைக்கச் சம்மதிக்கவில்லை. நீங்களும் பகிருமுன் கேளுங்கள்.

இளையோரே, கமரா வைத்திருப்பவர்கள் எனக்கு உதவிக்கு வாருங்கள். ஒரு மாதம் பச்சைக் குறியைத் தொடுவதில்லை என்று தீர்மானித்து, முதலில் உங்கள் வீட்டில் மிக வயதானவரின் முன்னால் அமருங்கள். கமராவை மடியில் வைத்துக்கொண்டு கால்மணிநேரம் பேச்சுக்கொடுங்கள். எந்த ஊரில் பிறந்தார், யாரிடம் படித்தார், எந்த ஆண்டில் எந்த எல்லையைக் கடந்து இங்கு வந்தார் என்று கேளுங்கள். பிறகு எடுங்கள். எடுத்ததை அச்சிடுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் பென்சிலால் அவருடைய முழுப்பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். அதை எழுத உங்களுக்குத் தமிழ் வராவிட்டால், அவரையே எழுதச் சொல்லுங்கள்.

துயருறுவோரின் ஆறுதலான அன்னை உங்கள் இல்லங்களைக் காப்பாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

இறையன்பில்,
உங்கள் ஆன்மப் பணியாளர்